நல்லாத் தெரியுதாம்

மார்செலினாவின் அறையில் கட்டில் போக மிச்ச இடமெல்லாம் அட்டைப்பெட்டிகள். பெட்டி நிறையப் பழைய மூக்குக்கண்ணாடிகள். ஒவ்வொன்றும் சின்னப் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும், பையின் மேல் ஒரு எண். கணவன் வேலை தேடி வடக்கே எல்லை தாண்டிப் போனவன். முதல் வருடம் போன் செய்தான், அப்புறம் அதுவும் இல்லை. அவன் படுத்த பக்கத்தில் இப்போது மைனஸ் பவர் பெட்டிகள் இருக்கின்றன.

வருடா வருடம் பிப்ரவரியில் வெளிநாட்டுக்காரர்கள் கண் முகாம் போட மார்செலினாவின் ஏரிக்கரை ஊருக்கு வருவார்கள். அவர்கள் நாட்டில் கழித்துப் போட்ட கண்ணாடிகளைக் கழுவி, பவர் அளந்து, எண் போட்டுக் கொண்டுவருவார்கள். மூன்று நாள் கோவில் கூடத்தில் முகாம் நடக்கும். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது ஓட்டை ஸ்பானிஷ். ஊர்க் கிழவர்களுக்கு அதுவும் தெரியாது, தாய்மொழியான சூதுஹில் ஒன்றுதான். நடுவில் மார்செலினா. தலைநகரத்தில் ஒன்பது வருடம் வீட்டுவேலை செய்து கற்ற ஸ்பானிஷை வைத்துப் பன்னிரண்டு வருடமாக முகாமின் நாக்காக இருந்தாள். முகாம் முடிந்தால் மிஞ்சியது அவள் வீட்டுக்கு வரும். மிஞ்சியது என்றால் யாருக்கும் பொருந்தாதது.

அந்தக் கண்ணாடிகளில் பாதி செத்துப்போனவர்களுடையவை. சாப்பிடும்போது ஒருமுறை டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்ன விஷயம் அது. அம்மா செத்தால் மகள் கண்ணாடியை எடுத்துத் தபால்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் போட்டுவிடுவாளாம். மார்செலினா கடித்த சோள ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். இந்த ஊரில் செத்தவர் சாமான் செத்தவரோடு போகும். தொப்பி, செருப்பு, காப்பி குடித்த கிண்ணம் எல்லாம் சவப்பெட்டிக்குள் வைக்கப்படும். போகிற வழிக்கு வேண்டும். அதை எடுத்து இன்னொருவர் மூக்கில் மாட்டினார்கள் என்று தெரிந்தால் முகாமுக்கு ஒரு நாய்கூட வராது. அதனால் யார் கேட்டாலும், "அங்க உள்ளவங்களுக்கு ஒரே ஃபிரேம் போட்டா சலிச்சிடுமாம்" என்று சொல்லிவைத்தாள்.

அவளுக்கு இன்னொரு தொல்லை, ஊரின் மரியாதை. கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டி, "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா?" என்று டாக்டரம்மா கேட்பாள். ஊர்க்காரர்கள், "ரெண்டும் நல்லாருக்கு, கடவுள் உங்களுக்குத் திருப்பித் தருவாரு" என்பார்கள். கொடுத்தவர் முகத்துக்கு நேரே கொடுத்ததைக் குறை சொல்கிற வழக்கம் இங்கே கிடையாது. ஆரம்ப வருடங்களில் மார்செலினா முழங்கையால் இடிப்பாள்: "மரியாதை கெடக்கட்டும் ஐயா, எழுத்து தெரியுதா, அத சொல்லுங்க." வரிசை நீள நீள இடிப்பது குறைந்தது. அவர்கள் என்ன சொன்னாலும் ஸ்பானிஷில் அவள் சொன்னது ஒன்றுதான்: நல்லாத் தெரியுதாம்.

அவளுடைய அக்கா கந்தெலாரியாவுக்கு இருபது வருடத்துக்கு முன் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அந்தக் காலத்து ஆபரேஷன், உள்ளே லென்ஸ் வைக்கவில்லை. பிளஸ் பத்துக் கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு உலகம் பாலில் கரைத்த மாதிரி. சந்தையில் விற்கிற வாசிப்புக் கண்ணாடி அவளுக்கு எந்த மூலைக்கு? மலைமேல் இருக்கும் பெரிய ஊர்க் கடையில் கேட்டதற்கு, தலைநகரத்திலிருந்து வரவழைக்க வேண்டும் என்று சொன்ன விலையில் ஒரு வருடம் குடும்பம் சாப்பிடலாம். ஒன்பது வருடத்துக்கு முன் முகாமில் ஒரு பிளஸ் பத்து கிடைத்தது. தடித்த லென்ஸ், போட்டால் கண் இரண்டும் ஆந்தை மாதிரித் தெரியும். அதை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு கூட்டுறவுக் கொட்டகையில் காப்பிக்கொட்டை பொறுக்கினாள். கருத்தது, பூச்சி அரித்தது, ஓடு பிளந்தது எதுவும் அவள் கைக்குத் தப்பாது.

நவம்பரில் அது துணிதுவைக்கும் கல்தொட்டி விளிம்பிலிருந்து விழுந்தது. குனிந்து தேடிய கந்தெலாரியாவே அதை மிதித்துவிட்டாள். மார்செலினா தன் அறைப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தேடினாள், இன்னொரு பிளஸ் பத்து இல்லை.

கொட்டகைக் கங்காணி நல்லவள்தான். "புனித வாரம் வரைக்கும் உன் எடத்த வெச்சிருக்கேன், அக்கா. அதுக்கப்புறம் என்னால ஆகாது" என்றாள். மகன்கள் யாரும் இல்லாத கந்தெலாரியாவுக்கு அந்த இடம்தான் சோறு.

இந்த வருட முகாமின் இரண்டாம் நாள் காலை, வரிசையில் காஸ்பார் வந்தார். எழுபது வயது. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், பெரிய வியாழன் ஊர்வலத்தில் சாமி தூக்கும் குழுவில் மூத்தவர். விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது மைனஸ் ஒன்பது. டாக்டரம்மா மைனஸ் பெட்டியிலிருந்து ஒரு பையைப் பிரித்து மாட்டிவிட்டாள். காஸ்பாரின் கண்கள் திடீரென்று பெரிதாயின. எதிரே சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ரொம்ப நல்லாருக்கு. கடவுள் திருப்பித் தருவாரு."

"நல்லாத் தெரியுதாம்" என்றாள் மார்செலினா. வாசலைத் தாண்டும்போது அவர் கை கதவு நிலையைத் துழாவியதை அவள் பார்த்தாள். பின்னால் இருநூறு பேர் நின்றார்கள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

மத்தியானம் கந்தெலாரியாவின் முறை வந்தது. டாக்டரம்மா பட்டியலைப் பார்த்து முகம் மலர்ந்தாள். பிளஸ் பத்து ஒன்றே ஒன்று இருந்தது. எண் 2214. பிளஸ் பெட்டியைக் கவிழ்த்தே தேடினார்கள், பை இல்லை. பெட்டி மாறி மைனஸுக்குள் போயிருக்கிறது. கொடுத்த சீட்டுகளைப் புரட்டியபோது 2214க்கு நேரே காஸ்பார் பெயர் இருந்தது, பக்கத்தில் மார்செலினாவின் கையெழுத்து.

"என்னாச்சு?" என்றாள் கந்தெலாரியா, யாரும் இல்லாத பக்கம் திரும்பி.

டாக்டரம்மா பதறி, காஸ்பாருக்குச் சரியான மைனஸ் ஒன்பது ஒன்றை எடுத்து மார்செலினா கையில் கொடுத்தாள். மாற்றிக்கொண்டு வந்தால் இரண்டு பேருக்கும் தீர்ந்தது. இதைவிடச் சுலபமான காரியம் உண்டா?

காஸ்பார் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி தொலோரெஸ் சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தை அலசிக்கொண்டிருந்தாள். காஸ்பார் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?" என்றார், அவள் மூன்றடிக்கு வந்தும்.

"நாந்தான் ஐயா, மார்செலினா."

"அதான் தெரியுதே. குண்டாயிட்ட."

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்களுக்கு உண்டானது இது. அது எங்கக்கா பவரு."

"இதுக்கு என்ன கொறச்சல்?"

"அதுல ஒங்களுக்குத் தெரியாதுங்க."

"நல்லாருக்குன்னு அந்தம்மா கையப் பிடிச்சுச் சொன்னேன். நீதான எடுத்துச் சொன்ன? இப்ப நான் பொய் சொன்னேன்னு போய்ச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன். இத ஒரு தடவ போட்டுப் பாருங்க."

"ஒண்ணு வாங்கிக்கிட்டு இன்னொண்ணுக்கும் கை நீட்டுறவனா நான்?" இருமல் வந்து அவரைக் குலுக்கியது. தொலோரெஸ் மூலிகைத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"நாள் முச்சூடும் இதப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காரு" என்றாள் அவள் பெருமையாக. "தெருவுல போற ஆளெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. பாதிரியார்கூட, காஸ்பாரு வாத்தியார் மாதிரி ஆயிட்டாருன்னு சொன்னாரு."

தொலோரெஸ் உள்ளே போனதும் காஸ்பார் குரலைத் தாழ்த்தினார். "ஊர்வலத்துக்கு இதோட வருவேன்னு எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. அது முடியட்டும். ஈஸ்டருக்கு மறுநா வா. ஆருக்கும் தெரியாம மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள அக்கா எடம் போயிடும் ஐயா."

காஸ்பார் ஃபிரேமை மூக்கில் இன்னும் மேலே தள்ளிக்கொண்டார். ஊதிப் பெரிதான கண்களால், அவள் இருக்கிறாள் என்று நினைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட மார்செலினாவுக்குத் தோன்றியது. எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு நான்கு முறை போனாள். நான்கு முறையும் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ஊர்வலத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இருமல் காஸ்பாரைக் கொண்டுபோய்விட்டது.

செய்தி வந்ததும் மார்செலினா மைனஸ் ஒன்பதைச் சால்வைக்குள் முடிந்துகொண்டு, அக்காவையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். துக்க வீட்டில் வழக்கப்படி தரையில் பைன் இலை பரப்பியிருந்தது. பெண்கள் சுவரோரம் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். தொலோரெஸ் ஒவ்வொரு சாமானாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தொப்பி, புதுச்செருப்பு, எனாமல் கிண்ணம், இலையில் பொதிந்த சோள ரொட்டி எல்லாம் ஆயிற்று. கடைசியாகக் கண்ணாடியை எடுத்தாள். மாட்டத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மார்செ, நீ குடுத்தது. நீயே மாட்டிவிடு. வழி தெரியணும் மனுசனுக்கு."

தடித்த லென்ஸ் மார்செலினாவின் உள்ளங்கையில் கனத்தது. அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. இந்த ஊருக்குப் புரிகிற நியாயம். அதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். முடிச்சை அவிழ்த்து மற்றதை எடுத்தாள்.

"தொலோரெஸ் அக்கா, இதத்தான் ஐயாவுக்குப் போடணும். இதுதான் அவரு பவரு. அதப் போட்டா அவருக்கு வழி தெரியாது."

பெஞ்சில் காப்பிக் கிண்ணங்கள் பாதி வழியில் நின்றன.

"தெரியாதா?" என்றாள் தொலோரெஸ். "அப்ப இத்தன நாள் எம்புருசன் ஒண்ணும் தெரியாமயா போட்டுக்கிட்டு இருந்தாரு? தெரியுதுன்னு சொன்னது பொய்யா? நீதான அங்க நின்ன. அவரு என்ன சொன்னாரு?"

அத்தனை முகமும் மார்செலினாவைப் பார்த்தன. செத்தவர் காலடியில் நின்றுகொண்டு ஆமாம், பொய் என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. பன்னிரண்டு வருடமாக ஊருக்காகப் பேசிய வாய் அது.

"அவரு..." என்றாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது தொலோரெஸ்." பெஞ்சின் கோடியிலிருந்து வந்தது கந்தெலாரியாவின் குரல். "போன வாரம் சந்தைல அந்தக் கோடிலேர்ந்து என்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரே. எவ்ளோ கூட்டம்! நான்தான் அவரக் காணாம முழிச்சேன். இவ சின்னப்புள்ள, பையக் குழப்பிக்கிட்டு ஏதோ சொல்றா. மாட்டிவிடச் சொல்லு."

தொலோரெஸுக்கு அப்போதுதான் அழுகை பீறிட்டு வந்தது. "பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று பக்கத்துப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணங்கள் மறுபடி உதட்டுக்குப் போயின.

மார்செலினா லென்ஸைச் சால்வை நுனியால் துடைத்தாள். இரண்டு பக்கமும் துடைத்தாள். காதுக்குப் பின்னால் கொக்கியைச் செருகி, மூக்கில் நேராக உட்காரவைத்தாள். தள்ளி நின்று கோணல் இல்லையே என்றுகூடப் பார்த்தாள்.

திரும்பும் வழி முழுக்கப் படிக்கட்டு. கந்தெலாரியா அவள் சால்வையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்ல? அவ முகத்தப் பாத்தியா?"

"நான் பாத்தேன். நீ எங்க பாத்த?"

கந்தெலாரியா சிரித்தாள். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தது. தூரத்தில் கூட்டுறவுக் கொட்டகையில் கொட்டையைச் சலிக்கிற சத்தம் கேட்டது.

"மாட்டினதும் எப்படி இருந்தாரு?" என்றாள் கந்தெலாரியா.

"மூடின கண்ணு ரெண்டும் பெரிசாத் தெரிஞ்சுது."

"என் கண்ணும் அப்படித்தான் தெரியும்னு சொல்லுவீங்க." காலை நீட்டிக் காற்றில் துழாவினாள். "படி வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. ரெண்டு எட்டு வை."

வைத்தாள்.

"இப்ப?"

"இப்ப எறங்கு."