குடிக்காத வாயில் விஸ்கி

தங்கவயலில் எங்கள் சுரங்க வாயிலில் ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்கு மணி அடிக்கும் ஒருவர் இருந்தார். ஒல்லியான ஆள், முகம் முழுக்க அம்மைத் தழும்பு. கூண்டில் ஏறும் ஒவ்வொருவனையும் வாயைத் திறக்கச் சொல்லி மோந்து பார்ப்பார். சாராயம் நாறினால் பேசாமல் விட்டுவிடுவார். விஸ்கி மணந்தால் மட்டும் கூண்டிலிருந்து வெளியே இறக்கிவிடுவார். விஸ்கி துரைமார் குடிப்பது. கூலிக்காரன் வாயில் அது மணந்தால் பங்களாவில் திருடியதாகத்தான் இருக்கும், அதைத்தான் இவர் பிடிக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை ஷிப்டில் என்னையே நிறுத்தினார். "நீ எறங்குப்பா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணா, நான் சர்ச்சுக்குப் போறவன். கள்ளுகூடத் தொட்டதில்ல!"

"தெரியும். குடிச்சிருந்தா போவ வுட்டிருப்பேன். கீழ பாறை விழுந்து செத்தாரே ஒரு துரை, அவருக்கு ஒண்டியா குடிக்கப் புடிக்காது. அவரு தொணைக்குக் கூப்புடுறவன் வாய்தான் குடிக்காமயே மணக்கும்."

நானில்லாமல் கூண்டு இறங்கியது. ஷிப்டு முடிந்து எல்லோரும் பத்திரமாக மேலே வந்து என்னைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவர் என்னை நிறுத்தியதும் நான் உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. விஸ்கி எப்படி மணக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.