மாதிரி என்று சொன்னதால் வந்த வினை

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அண்ணனுக்கு இதயத்துக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று சுருங்கிவிட்டதென்று தெரியவந்தது, தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை. அண்ணி புதன் என்கிறார். புதனாக இருந்திருந்தால் அண்ணனின் நெற்றியில் விபூதிப் புதன் சாம்பல் இருந்திருக்கும். இருக்கவில்லை. இதில் இன்னும் தகராறு.

குழாயை விரித்துப் பிடிக்க, மருந்து பூசிய ஸ்டென்ட் என்ற சிறு கம்பிவலை வைக்கவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டொக்டர். தவக்காலத்து இரண்டாம் ஞாயிறுக்கு அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைத்தது. அண்ணன் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத வீடு.

அந்த ஞாயிறு வெள்ளவத்தையிலிருந்து நானும் மகளும் சாப்பாட்டுக்குப் போனோம். மகள் பல்கலைக்கழகத்தில் கணிதம் செய்கிறவள். சுருங்கிய குழாயில் இரத்தம் எப்படி ஓடும், ஸ்டென்டில் பூசிய மருந்தில் எவ்வளவு குழாயின் சுவருக்குள் இறங்கும், எவ்வளவு இரத்தத்தோடு அடிபட்டுப் போகும் என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பெரியப்பாவுக்குத் தைரியம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இங்கிலிஷ் கலந்தால் அவர் நையாண்டி பண்ணுவார் என்று சுத்தத் தமிழில் சொன்னாள்.

"பயப்பிடாதேங்கோ பெரியப்பா. நாங்கள் ஒரு மாதிரி வைச்சுத்தான் மருந்து எப்பிடிப் போகுது எண்டு பாக்கிறம். எங்கட மாதிரியில நல்லா இறங்குது."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை ஓட்டோவோடு போய் நின்றேன். "நான் வரேல்ல. நீ போய்ப் படு அந்தக் கட்டிலில," என்றார். காரணம் கேட்டதும் கதவைச் சாத்தினார். கட்டில் வேறொருவருக்குப் போனது. புதிய நாளுக்காக ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்துக் கெஞ்சினேன். அண்ணனோ படியேறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, களைப்பில்லை என்று சாதித்தார்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வந்தபோது அவருடைய அயல்வீட்டு அம்மா என்னை மறித்தார். "உங்கட மகள் பெரியப்பாவில மருந்து டெஸ்ட் பண்ணப் போறாவாமே? பாவம், வயதான மனுசன்."

மகளை இழுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினேன்.

"மாதிரி மருந்து எண்டு இவதானே சொன்னா!" என்றார் அண்ணன். "கொம்பனிக்காரன் டொக்டர்மாருக்குச் சும்மா குடுக்கிற சாம்பிள். விக்கேலாத சாமான். அதை என்ர நெஞ்சுக்குள்ள வைச்சுப் பாக்கப் போறியளோ?"

"ஐயோ பெரியப்பா, அந்த மாதிரி இல்லை. இது கணித மாதிரி!"

"கணிதம் மாதிரியோ? அப்ப கணிதமும் உண்மையில்லை."

மகள் சுத்தத் தமிழைக் கைவிட்டாள்.

"மொடல் பெரியப்பா! மொடல்! கணினிக்குள்ள இருக்கிற கணக்கு. அதில மருந்தும் இல்லை, மனுசனும் இல்லை. உங்களுக்கு வைக்கிறது எல்லாருக்கும் டொக்டர்மார் வைக்கிற ஸ்டென்ட்."

அண்ணன் யோசித்தார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். "கப்பல் வந்து நிக்கிற புது ஜெட்டி கட்ட முந்தி மேசையில சின்னதா ஒண்டு செய்து வைச்சுக் காட்டுவாங்களே, அதோ?"

"ஓம், அதேதான்!"

"அதை முதலே தமிழில சொல்லியிருக்கலாமே பிள்ளை."

அண்ணி குழம்பு பார்க்கும் சாட்டில் குசினிக்குள் போய்ச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதிய நாள் உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் கிடைத்திருந்தது. அதுவரை அவர் படியேறும் ஒவ்வொரு தடவையும் அண்ணி தொலைபேசியில் எனக்கு அறிவித்தார், என்னால் என்ன செய்ய முடியும்?

எப்படியோ அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் சம்மதப் படிவத்தை நீட்டினார். அண்ணன் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்: "இது மொடல் இல்லையே டொக்டர்? ஒரிஜினல்தானே?"

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒரிஜினல் எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ டொக்டர்," என்றேன், அவசரத்தில் தமிழிலேயே.

என் தமிழில் அவருக்கு விளங்கிய ஒரே சொல் அதுதான் போலும். "ஒரிஜினல், ஒரிஜினல்," என்றார். அண்ணன் கையெழுத்து வைத்தார்.