ஆள் பார்த்து ஓடிய ஏசி

“வாடிக்கையாளர்: பெண், வயது நாற்பத்தாறு. புகார்: அறைக்குள் இருக்கும் பெட்டியின் காற்றாடி அவ்வப்போது நிற்கிறது. நான்கு முறை நேரில் பார்த்தும் பழுது எதுவும் காணப்படவில்லை. தன்மை: சண்டைக்காரர். பேசும்போது கவனம் தேவை.”

ஏசி கம்பெனியின் கம்ப்யூட்டர் கேக் அக்காவைப் பற்றி இப்படித்தான் எழுதி வைத்திருந்தது. ஒரே எண்ணிலிருந்து நாலாவது தடவை புகார் வந்தால் அது யாரையும் கேட்காமல் தானாகவே ‘சண்டைக்காரர்’ என்று போட்டுக்கொள்ளுமாம். மனிதர்கள் இரண்டாவது புகாரிலேயே இந்த முடிவுக்கு வந்துவிடுவதால், கம்ப்யூட்டரை நிதானமானது என்றே சொல்ல வேண்டும்.

கேக் அக்கா யாரென்றால், பஸ்ஸில் தன் காலை மிதித்துக்கொண்டு நிற்பவரிடம் “நீங்க எங்க இறங்கணும்?” என்று விசாரித்து, அதுவரை பொறுத்துக்கொள்பவள். தையல்காரர் ஒரு கையை மட்டும் நீளமாக வைத்துத் தைத்துக் கொடுத்த சட்டையை “நல்லாத்தான் இருக்கு” என்று வாங்கி வந்து, மூன்று வருஷம் அந்தக் கையை மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டவள். அவள் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. போட வேண்டிய இடங்களில் போடாமல் வந்ததைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

முதலில் அவள் ஒரு லாரி ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஆபீஸை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கக் கை வராமல், கவிழ்த்து வைத்த டம்ளர்களின் மேல் க்ரீமைப் பிழிந்து ரோஜாப்பூ போடப் பழகினாள். ஆறு மாதம் அந்த வீட்டில் எல்லோரும் வெனிலா வாசனையோடுதான் தண்ணீர் குடித்தார்கள். பிறகு டம்ளருக்குப் பதில் கேக் வந்தது, பெயரும் வந்தது. இப்போது பதினோரு வருஷம். மூன்றாவது மாடியில், வெயில் விழும் பக்கத்து அறைதான் அவளுடைய பட்டறை. ஒரு மேசை, ஒரு முக்காலி, சுழலும் தட்டு ஒன்று, சுவரில் ஏசி.

அந்த ஏசிக்கு அவள் கொடுத்திருந்த வேலை கொஞ்சம் சங்கடமானது. அறை குளிர்ந்திருக்க வேண்டும், காற்று மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் சர்க்கரைப் பாகில் செய்த இதழ்கள் காய்ந்து விரிசல் விடும். அதனால் காற்றாடி எப்போதும் ஆகக் குறைந்த வேகத்தில்தான்.

மூன்று மாதமாக அதுதான் நின்றுகொண்டிருந்தது. வெளியே தொங்கும் பெட்டி பாட்டுக்கு உறுமும், உள்ளே சத்தம் அடங்கிவிடும். பத்து நிமிடத்தில் க்ரீம் ரோஜாக்கள் ஒவ்வொன்றாகத் தோளைத் தொங்கப் போடும். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி காற்றாடி மறுபடி சுற்ற ஆரம்பிக்கும்.

மெக்கானிக் வந்தால் மட்டும் நிற்காது. அவர் பருத்த மனிதர், மாடி ஏறியதும் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். அக்கா பூக்களை மூடி வைத்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, ஏசிக் காற்றையும் கூட்டி வைப்பாள். அவர் மூடியைக் கழற்றி, ஒயர்களை அமுக்கிப் பார்த்து, வலைத்தட்டைக் கழுவி மாட்டுவார்.

“தங்கமா ஓடுது அக்கா.”

“நேத்து நின்னுச்சு தம்பி.”

“நேத்து நான் வரலையே அக்கா.”

நாலாவது தடவை போகும்போது அவர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அடுத்த தடவையும் பழுது தெரியாவிட்டால் கம்பெனி புகாரை ஒரேயடியாக மூடிவிடும். கியாரண்டியோ இந்த மாதக் கடைசியோடு சரி.

கேக் அக்கா ஏற்கெனவே இரண்டு ஆர்டர்களை வேண்டாம் என்று திருப்பியிருந்தாள். சனிக்கிழமை மூன்று அடுக்குக் கேக் ஒன்று இருந்தது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் கணவர் அன்பாகவே சொன்னார். “கொஞ்ச நாள் நிறுத்தி வையேன். உனக்கும் ஓய்வாச்சு.” அவர் எரிந்து விழுந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அன்பாகச் சொன்னதை மறுக்க அவளுக்குத் தெரியாது. அது மட்டுமில்லை, ஏசி நிற்பதை இதுவரை அவளைத் தவிர யாரும், பகலெல்லாம் டிப்போவில் இருக்கும் கணவர் உட்பட, பார்த்ததில்லை. கணவர் அதைப் பற்றிப் பேசும்போது இப்போதெல்லாம் ‘உனக்கு நிக்குதுல்ல’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஐந்தாவது வருகைக்கு முந்தின நாள் மத்தியானம், மேல் வீட்டில் இருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள். கணவருக்கு மூத்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. வந்ததும் சுவரைப் பார்த்தாள்.

“என்னடி இது, காலண்டருக்கு அம்மை போட்டிருக்கு?”

“ஏசி நின்ன நாளு அண்ணி. மிச்ச சாயத்துல ஒரு புள்ளி வெப்பேன்.”

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டத்தில் போனாள். “எங்க வீட்டுல பெயிண்ட் அடிச்சப்ப நாலு நாள் இங்கயே கிடந்தேனே, ஒரு புள்ளி இல்ல. மெக்கானிக் வந்த நாள் ஒண்ணுலயும் இல்ல. உன் ஏசி ஆள் பாத்து ஓடுதுடி. வீட்டு ஆளை மட்டும் மதிக்க மாட்டேங்குது. அப்படியே எங்க வீட்டுக்காரர்.”

கேக் அக்கா சிரித்துக்கொண்டே, உட்காருங்க அண்ணி என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். போட்ட கையோடு ரிமோட்டை எடுத்து மூன்று தடவை அமுக்கினாள். காற்று சீறியது. சிரிப்பு பாதியில் நின்றது. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி, கை சுட்டுக்கிச்சா?”

“இல்ல அண்ணி. யார் வந்தாலும் நான் காத்தைக் கூட்டிடறேன்.”

“அதுக்கென்ன, நல்ல பழக்கம்தானே?”

நல்ல பழக்கம்தான். மூன்று மாதமாகப் பழுதை ஒளித்து வைத்திருந்தது அந்த நல்ல பழக்கம்தான். நாத்தனார் போனதும் பட்டறையை மூடி, அறையைச் சூடேற விட்டு, குறைந்த வேகத்தில் ஏசியைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டாவது நிமிடம் நின்றது.

மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்த பிறகுதான் ஏசியைப் போட்டாள். முன்னாலேயே போட்டால் அவர் வருவதற்குள் நின்று, வரும்போது ஓடிக்கொண்டிருக்கும். வேகத்தை அடிமட்டத்தில் வைத்தாள். பிறகு ரிமோட்டை மைதா டப்பாவுக்குள் புதைத்து மூடினாள், தன் கையை நம்பாமல்.

மெக்கானிக் நனைந்துபோய் நின்றார். கணவருக்கு அன்று விடுமுறை, அவரும் வந்து நின்றார். நாத்தனார் அழைக்காமலே வந்திருந்தாள். அறை அடுப்படி மாதிரி இருந்தது.

“அக்கா, கொஞ்சம் காத்தை ஏத்தி வைக்கலாமா?”

“வேண்டாம் தம்பி. தண்ணி குடிங்க. நாப்பது நிமிஷம் உக்காருங்க, நிக்கும்.”

“நாப்பது நிமிஷமா!”

பத்து நிமிடம் போயிற்று. மெக்கானிக் புகார்த் தாளால் விசிறிக்கொண்டார்.

“பாவம்டி, வந்த மனுஷனுக்கு வேர்த்து ஊத்துது,” என்றாள் நாத்தனார். “நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி நிக்கறியே?”

“ரிமோட்டைக் குடு, நான் வைக்கறேன்,” என்று கணவர் தேட ஆரம்பித்தார். உள் அறைக்குப் போய்த் தலையணைக்கு அடியில் பார்த்தார், அலமாரியில் பார்த்தார். மைதா டப்பாவைத் திறந்து பார்க்கும் அளவுக்கு மனைவியைப் பற்றி அவர் தப்பாக நினைத்ததில்லை.

முப்பது நிமிடத்தில் மெக்கானிக் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். “அக்கா, இன்னும் ரெண்டு வீடு இருக்கு. பழுது இல்லன்னுதான் எழுதணும். கோச்சுக்காதீங்க.”

கேக் அக்கா க்ரீம் பிழியும் பையும் கையுமாக வாசலை மறித்து நின்றாள்.

“உக்காருங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மெக்கானிக் உட்கார்ந்தார், கணவரும் மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார இடமில்லாத நாத்தனார் சுவரில் சாய்ந்துகொண்டாள். நாலு பேர் கண்ணும் கடிகாரத்தில். முப்பத்தெட்டு. நாற்பது. நாற்பத்தொன்று.

உள்ளே சத்தம் அடங்கியது. வெளிப்பெட்டி மட்டும் உறுமியது. நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“அட, எனக்கும் நிக்குதே,” என்றார் கணவர்.

மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மோட்டாரைத் தொட்டு விரலை உதறினார். காற்றாடியைக் கையால் சுற்றிவிட்டார். அது அரைச் சுற்றில் முனகி நின்றது. “உள்ள தண்டு சுத்தற புஷ் எண்ணெய் இல்லாம காஞ்சு போயிருக்கு அக்கா. வேகமா வெச்சா தள்ளிக்கிட்டு ஓடிடுது. மெதுவா வெச்சா சூடேறச் சூடேற இறுகி நின்னுடுது. ஆறினா தானா கிளம்புது. மோட்டாரையே மாத்திடறேன்.”

பிறகு போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, முகம் சுருங்க, அந்தச் ‘சண்டைக்காரர்’ வரியைக் காட்டினார். “இதை அழிக்க எனக்கு வழியில்ல அக்கா.”

அக்கா படித்துப் பார்த்தாள். “இருக்கட்டும் தம்பி,” என்றாள், கொஞ்சம் சந்தோஷமாகவே.

வியாழக்கிழமை புது மோட்டார் வந்தது. சனிக்கிழமை மூன்று அடுக்கும் தோள் தொங்காமல் படி இறங்கிப் போயின. நாத்தனார் வந்தால் இப்போதும் காற்று கூடுகிறது. அவள் போனதும் குறைகிறது, நிற்பதில்லை. காலண்டரில் புள்ளி இல்லை.

கம்பெனியின் பதிவு இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. கேக் அக்கா செய்தது இவ்வளவுதான்: வீட்டுக்கு வந்த ஒருவரை, வியர்க்க வியர்க்க, நாற்பத்தொரு நிமிடம் காற்றைக் கூட்டாமல் உட்கார வைத்தாள்.