செவ்வாக்கெழமை சாம்பிள்

காலேஜ் முடிச்ச சூட்டோட ஒரு பனியன் கம்பெனில ஆர்டர், சாம்பிளெல்லாம் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா சேர்ந்தேன். கம்பெனி வேன்ல டிரைவர் பக்கத்து சீட்டு நம்மளுது. அவருக்குத் தொப்பை ஸ்டியரிங்கை முட்டும், ஆனா சீவுன தலை கலையவே கலையாது. வேலம்பாளையம் ஸ்டாப்புக்கு ரெண்டு தெரு முன்னாடியே ஹாரனை அடிக்க ஆரம்பிச்சிருவாரு. நிறுத்துனதும் எறங்கிப்போயி கதவுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் பொட்டியக் கவுத்து வெப்பாரு. ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருத்தங்க அதுல கால் வெச்சு மெதுவா ஏறி, மூணாவது சீட்டுல உக்காருவாங்க.

"இத்தன ஹாரன் அடிக்கறீங்க, அந்தக்கா இன்னும் தூங்கறாங்களாண்ணா?"ன்னு ஒருநாள் கடுப்புல கேட்டேன்.

"அவங்க எந்திரிச்சு ரொம்ப நேரமாச்சுங்க தம்பி. வெரலுதான் இன்னும் எந்திரிக்கல. முடக்குவாதம். மாசம் ஒருக்கா கோயமுத்தூர்ல வைத்தியம். நம்ம வேன்ல அங்க போற சாம்பிள செவ்வாக்கெழமைக்குப் போட்டுக் குடுங்களே."

"துணி வாங்கற பையர் ஆபீஸ்ல வெள்ளிக்கெழமை கேக்கறாங்கண்ணா."

"அன்னிக்கு மூட்டுவாத டாக்டர் இருக்கமாட்டாருங்களே. இவங்களால பஸ்ஸு படி ஏற முடியாது. வைத்தியம் விட்டுப்போனா வெரலு கோணிக்கும், அப்பறம் மிஷின்ல எங்க உக்கார்றது?"

"உங்க சொந்தமாண்ணா?"

"இல்லீங்க. மூணாவது சீட்டு."

அதுக்கப்பறம் மாசம் ஒருக்கா, வெள்ளிக்கெழமை பாத்து எங்க ஸ்டீம் அயர்ன் ரிப்பேராகும். பையர் ஆபீஸுக்கு அப்படித்தான் மெயில் போடுவேன். சாம்பிளும் அக்காவும் செவ்வாக்கெழமை ஒரே வேன்ல போவாங்க.

இப்ப நான் மங்கலத்துல வேற கம்பெனி. அந்த மனுசன் பேரைக்கூட கேட்டு வெச்சுக்கல. ஆனா கோயமுத்தூர் சாம்பிள்னா கை தானா செவ்வாக்கெழமைன்னு டைப் பண்ணுது. இந்த வேன்லயும் ஒரு மூணாவது சீட்டு இருக்குமில்ல.