கண்ணில் வைத்த பொட்டு

ஈப்போவில் கம்ப்யூட்டருக்கான புது சிஸ்டம் இருந்த ஐந்து டிஸ்க்குகளை வாங்கும்போதே கடைக்காரர் எச்சரித்தார். "வாத்தியாரே, புதுசு ஏத்தணும்னா உள்ள இருக்கிற பழசு எல்லாம் அழிஞ்சிரும். வேணுங்கிறத ரெண்டு காப்பி எடுத்து வச்சுக்குங்க லா." வாத்தியாருக்கே பாடமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு காப்பி போதும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவன் தோட்டப் பள்ளி ஆசிரியனான நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல. கம்ப்யூட்டரும் பழையது, அதை ஓட்டும் சிஸ்டமும் பழையது. பாதி வேலையில் நின்றுவிடும். அதற்காகத்தான் புது சிஸ்டம். உள்ளே இருந்தவற்றில் எனக்கு முக்கியம் ஒன்றே ஒன்று, அப்பா சொன்னவை.

அம்மா இதே மலையில் பிறந்தவர். பிறப்பைப் பதியாததால் மலேசியக் குடியுரிமை இல்லை, கையில் சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கான நீல அட்டை வேண்டுமென்றால் இங்கே பிறந்ததற்குச் சாட்சி வேண்டும். அம்மா பிறந்தபோது முறைப்பையனான அப்பாவுக்குப் பத்து வயது. நோயில் படுத்த கடைசி மாதங்களில் அவர், எந்த லயத்து வீடு, எந்த மருத்துவச்சி, அன்று பக்கத்து வீடுகளில் இருந்தவர்களில் யார் உயிரோடு இருக்கிறார்கள், இப்போது எந்தத் தோட்டத்தில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் தட்டினேன். காகிதத்திலும் எழுதி வைக்கலாமே என்றார் அம்மா.

"இந்த ஈரத்துல பேப்பர் பூத்துப் போயிரும்மா. இதுல இருந்தா அழியவே அழியாது."

அடுத்த மாதம் அப்பா போய்விட்டார்.

சரஸ்வதி பூசையன்று மூன்றாவது நாளாக வெயில் இல்லை. எதிர் மலையே தெரியாத மூட்டம். கவாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தையல் மெஷின் எல்லாம் சாமி முன்னால் வந்தன. நானும் புது டிஸ்க்குகளை உறையிலிருந்து எடுத்து வாழையிலையில் வைத்தேன். அப்பா சொன்னவற்றின் காப்பி இருந்த டிஸ்க்கையும் சேர்த்து வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு அம்மா தயங்கினார்.

"இதுக்கு எங்கப்பா பொட்டு வைக்கிறது?"

டிஸ்க்கில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு இருக்கும். உள்ளே பழுப்புத் தகடு தெரியும். அதைக் காட்டினேன். "இதாம்மா அதோட கண்ணு. இது வழியாத்தான் படிக்கும். இங்கயே வைங்க."

ஆறுக்கும் வைத்தார். அப்பாவுடையதை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. காய்ந்தாற்போலத் தெரிந்த பொட்டுகளை வேட்டி முனையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். பூசையில் வைக்காத பழைய டிஸ்க்கைப் போட்டு, கம்ப்யூட்டருக்குள் இருப்பதை அழிக்கச் சொன்னேன். எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று தட்டினேன். அழிந்து முடிந்ததும் புதிதில் முதலாவதைச் செருகினேன். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி ஒரு சத்தம். படிக்க முடியவில்லை என்றது திரை. அடுத்ததும் அப்படியே. வெளியே எடுத்துப் பார்த்தால், தகட்டில் சந்தனம் வட்டமாக இழுபட்டிருந்தது.

அப்பாவின் டிஸ்க்கை உடனே போடத் துணியவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் வாங்கி வந்து, கம்ப்யூட்டரின் வாயையும் டிஸ்க்கையும் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, சாயங்காலம் போட்டேன். அதே சத்தம்.

"என்னப்பா, ஏறலையா?" அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

"மெஷின் கோளாறும்மா."

"அப்பா சொன்னது இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

அந்தப் பொய் தானா ராத்தா பதிவு அலுவலகம் வரைக்கும்தான் தாங்கியது. அதிகாரி சாட்சிகளைக் கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நினைவிலிருந்த மூன்று பெயரைச் சொன்னேன். இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றார். தெரியவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸில், சந்தனம் பட்டு அப்பாவின் டிஸ்க் கெட்டதைச் சொன்னேன். அம்மா விண்ணப்பத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறு வருடப் பூசையில் அம்மா கத்திக்கு வைத்தார், கூடைக்கு வைத்தார், தையல் மெஷினுக்கு வைத்தார். கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் சந்தனம் தோய்ந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"இதுக்கு நீயே வச்சிருப்பா. என் கை பட்டுத்தானே அன்னிக்கு எல்லாம் போச்சு."

கண்ணைக் காட்டியது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.