நள்வரவு தைத்த அக்கா

எங்கள் அக்கா செட்டியார்பட்டியில் பிறந்து, அப்பாவுக்கு மில் வேலை கிடைத்ததும் இராஜபாளையத்துக்கு வந்தவர்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டதால், ஐந்தாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்து தம்பியாகிய என்னை வளர்த்தார்கள். மதியம் கை ஓய்ந்ததும் ஊசியை எடுத்துவிடுவார்கள். தலையணை உறை, ஒயர் கூடை, பாசிமணிக் கிளி என்று செய்வதும், கேட்டவர்களுக்குக் கொடுப்பதுமாகவே இருந்தார்கள்.

எண்பதுகளில், கருநீலத் துணியில் இரண்டு மயிலும் நடுவே எழுத்துமாக வாசலில் மாட்ட ஒரு தொங்கல் தைத்தார்கள். ‘நல்வரவு’ தப்பி ‘நள்வரவு’ ஆகிவிட்டது. சொன்னேன்.

“பிரிச்சா துணியில ஓட்டை தெரியும்லே. வாறவுக வாசிக்கவா வாராக? சாப்பிட வாராக” என்றார்கள். எங்கள் தெருவில் இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணின் கைவேலையைச் சுவரில் மாட்டிக் காட்டுவது அன்று வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் சித்தி, அம்மாவின் தங்கை, வந்தார்கள்.

“தாயி, என் மக, உன் தங்கச்சியப் பாக்க சேத்தூர்ல இருந்து வாராக. எங்க செவுரு மொட்டையாக் கெடக்கு. நீ போட்டதையெல்லாம் குடேன்.”

“அவ போட்டதுன்னு சொல்லப்போறியளா சித்தி?”

“போடி, சும்மா அழகுக்குத்தான்!”

அக்கா எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய்த் தன் கையாலேயே மாட்டிவிட்டு வந்தார்கள். தங்கைக்கு வரன் முடிந்தது என்று சேதி வந்ததும் சர்க்கரை வாங்கித் தெருவுக்கே கொடுத்தார்கள்.

கல்யாணப் பந்தியில் அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் கையைப் பிடித்தார்கள்.

“தப்பா நெனைக்காத தாயி. கைவேலை தெரிஞ்ச புள்ளன்னு மொதல்ல உங்க சித்திகிட்ட உன்னயத்தான் பொண்ணு கேட்டோம். உனக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அம்புட்டும் என் மக போட்டதுன்னு உங்க சித்தி சொன்னாக. ஆனா பத்தாப்புப் படிச்ச புள்ள ‘நள்வரவு’ன்னா எழுதும்?”

அக்கா சிரித்தபடியே அடுத்த இலைக்குப் போனார்கள். வீடு திரும்பியதும் ஊசியில் நூலைக் கோத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள்.

“கண்ணு நல்லாத்தானலே இருக்கு?”

கைவேலை முழுவதும் சீரோடு சேத்தூருக்குப் போய்விட்டது. அக்கா திருப்பிக் கேட்கவில்லை. “கேட்டா அந்தப் புள்ள மாமியார்கிட்ட என்னலே சொல்லும்?” என்றார்கள். சித்தி சொன்ன அந்தப் பேச்சு ஊரைச் சுற்றியது. பிறகு வந்த வரன்கள் எல்லாம் கண்ணை விசாரித்துவிட்டுத் திரும்பின. அக்கா எங்களோடேயே இருந்து, என் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். வெளியார் செய்திருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் செய்தது எனக்கு ஆறவில்லை.

தொண்ணூறுகளில் அக்கா படுக்கையில் விழுந்தபோது சித்தி ஆரஞ்சுப் பழத்தோடு வந்து அழுதார்கள். அக்கா ஒன்றுதான் கேட்டார்கள்: “அந்த மயிலுக்குச் சாயம் போகலையே சித்தி?”



கடைசி நாட்களில் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், தோள் கொடுத்த மில் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் இந்த நினைவு மலர் சேத்தூருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வரும். அந்த நள்வரவைத் திருப்பித் தர வேண்டாம். அது அங்கேயே தொங்கட்டும். எழுத்துப் பிழையைப் பார்த்து யாராவது சிரித்தால், அது அக்கா போட்டது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.