கோதண்டம் முதலாளியும் ஒரு தீக்குச்சியும்

கோதண்டம் முதலாளி காலமாகிவிட்டார் என்ற செய்தி மண்ணூர் டீக்கடையில், கையில் கிளாஸோடு நின்றிருந்த எனக்கு வந்து சேர்ந்தது. அதற்குமேல் குடிக்க முடியவில்லை. டீச்செலவுக்கு அப்படிக் கணக்குப் பார்த்த மனிதருக்காக ஒரு டீயைக் கீழே ஊற்றினேன். தெரிந்திருந்தால் திட்டியிருப்பார்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அவர் நடத்திய, இரும்புத் தகடு வெட்டும் சிறிய பிரஸ் பட்டறையில் நான் ஆபரேட்டர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். கீழே விழுந்த நட்டைத் தேடி அவரே குனிவார். தீப்பெட்டியை மட்டும் யார் கேட்டாலும் நீட்டுவார். அவரும் பீடி பிடிப்பவர்.

அந்தத் தாராளம்தான் வினையாயிற்று. இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கைக்கு அதுதான் காவல். ஆர்டர் அவசரமென்றால் ஒரு பட்டன் அழுந்தியே நிற்கும்படி இடுக்கில் தீக்குச்சியைச் சொருகிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவோம். தொண்ணூற்றொன்றில் என் கூட்டாளி ஏழுமலை அப்படி ஓட்டியபோது, வலது கையில் மூன்று விரல்கள் போயின. வீட்டில் மனைவி, கைக்குழந்தை.

நஷ்டஈட்டு விசாரணை வந்தது. "குச்சி சொருகினது அவன் தப்புன்னு சொல்லிடுங்க மாமா" என்று முதலாளியின் மச்சான் ஓதினார். அப்படித்தான் சொல்வார் என்று நானும் நினைத்தேன். அதிகாரி கேட்டதும் முதலாளி எழுந்து நின்றார்.

"சொருகினது அவந்தான் சார். தெனம் பாத்துக்கினு சும்மா இருந்தது நானு. மிஷின் என்னுது, அவசரம் என்னுது, அந்தக் குச்சிகூட என்னுதுதான். அவன் கைக்கு நாந்தான் பொறுப்பு."

சட்டப்படி வர வேண்டியதை முழுதாகக் கட்டினார். காலில் விழப்போன ஏழுமலையின் மனைவியிடம், "இன்னாம்மா இது? நான் தர்மமா பண்றேன்? உங்களுக்குச் சேர வேண்டியதும்மா" என்று கோபித்துக்கொண்டார். ஏழுமலையை வேலையிலும் வைத்துக்கொண்டார். காலையில் அவன் பட்டன்களைச் சோதித்துச் சரி என்றால்தான் மிஷின் ஓடும். அன்றோடு பீடியையும் தீப்பெட்டியையும் விட்ட முதலாளி, டீக்கணக்கை மட்டும் கடைசிவரை விடவில்லை. அதற்காகவும் அவரை எங்களுக்குப் பிடிக்கும்.

சுடுகாட்டில் நல்ல காற்று. கற்பூரம் ஏற்ற முதலாளியின் மகன் கிழித்த குச்சிகள் அணைந்துகொண்டே இருந்தன. ஏழுமலை தன் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். மிஞ்சிய இரண்டு விரல்களால் குச்சியைக் கிழித்து, மறு கையால் காற்றை மறைத்துக் கற்பூரத்தருகே பிடித்தான். பற்றிக்கொண்டது.

"இந்தவாட்டி குச்சி என்னுது மொதலாளி," என்றான். "நிம்மதியா போய்ட்டு வாங்க."